வீட்டிலேயே பாட்டுப் பதிவு: முதல் மைக்கை எப்படி வாங்குவது

எங்கள் அத்தை நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறார். நான் முதன்முதலில் வாங்கிய மைக்கில் அவர் வாசித்ததைப் பதிவுசெய்து ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டார், கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஏன்டா, நான் வாசிச்சது வீணைதானே? இது என்ன தகரத்தைத் தட்டுற மாதிரி கேக்குது?" என்றார். அவர் சொன்னது சரிதான். கமகம் ஒன்றும் கேட்கவில்லை, நகம் கம்பியில் படும் 'டிக் டிக்' மட்டும் பெரிதாகக் கேட்டது, அதற்குப் பின்னால் ஹாலின் எதிரொலி, அதற்கும் பின்னால் ஃபேன் ஓடும் சத்தம். மைக் மட்டம் என்று முடிவுகட்டி, அதைப்போல மூன்று மடங்கு விலையில் இன்னொன்று வாங்கி, அதே ஹாலில் அதே இடத்தில் வைத்தேன். புது மைக் அந்த எதிரொலியையும் ஃபேனையும் முன்பைவிடத் தெளிவாக எடுத்துக் கொடுத்தது.

இப்போது யாராவது "வீட்டில் பாடிப் பதிவுசெய்ய என்ன மைக் வாங்கலாம்" என்று கேட்டால் மைக் பெயரை நான் கடைசியில்தான் சொல்கிறேன். அறை, மைக்குக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தூரம், அதற்குப் பிறகுதான் மைக். இந்த வரிசையில் போனால் குறைந்த செலவில் நல்ல பதிவு கிடைக்கும். வரிசையைத் தலைகீழாக்கினால் எவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்காது.

முதல் வேலை: காசு செலவழிக்காமல் அறையைக் கேளுங்கள்

கையில் இருக்கும் போனே போதும். ரெக்கார்டரைப் போட்டு, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் ஒரே பாட்டின் ஒரே வரியைப் பாடுங்கள். போனை ஒவ்வொரு இடத்திலும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். ஹால், படுக்கையறை, துணி பீரோவுக்குப் பக்கத்தில், மாடிப்படி வளைவு, எங்கெல்லாம் வசதியோ அங்கெல்லாம். ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், அப்புறம் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். ஹெட்போனில் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு இடத்தின் குணமும் தெரிந்துவிடும். கை தட்டிய பிறகு 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிரே இருக்கும் வெற்றுச் சுவர்களில் ஒலி மோதி மோதித் திரும்புகிறது என்று அர்த்தம். பேசாமல் நின்ற அந்த அரை நிமிடத்தில் ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார், தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் வரிசையாக வந்து ஆஜர் கொடுக்கும்.

நம் வீடுகள் பெரும்பாலும் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. மூன்றுமே ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். பாடும்போது கேட்க இனிமையாக இருக்கும், பதிவில் அது குழப்பம். பதிவில் இல்லாத எதிரொலியை மென்பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஏறிவிட்ட எதிரொலியைச் சுத்தமாக எடுக்க வழி கிடையாது. அதனால் வறண்ட, கொஞ்சம் 'செத்த' மாதிரிக் கேட்கும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் அது துணிமணி நிறைந்த படுக்கையறை.

அந்த அறையை இன்னும் சரிசெய்யக் கடையில் எதுவும் வாங்கவேண்டாம். தரையில் ஜமக்காளத்தை இரண்டு மடிப்பாக விரியுங்கள். பீரோவையோ துணி அலமாரியையோ திறந்து வைத்தால் தொங்கும் துணிகளே ஒலியை உறிஞ்சும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட நல்ல பொருள் கிடையாது, செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். எந்தச் சுவரில் என்பதுதான் முக்கியம். நிறையப் பேர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். மைக் பார்ப்பது உங்களை, அதாவது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், அந்த மெல்லிய அட்டை உச்ச ஒலியைக் கொஞ்சம் மழுங்கடிப்பதோடு சரி.

நேரமும் ஒரு கருவிதான். இரவு பத்தரைக்கு மேல் அல்லது விடியற்காலை காகம் கத்துவதற்கு முன் பதிவுசெய்தால், பல ஆயிரம் ரூபாய் செலவழித்தும் கிடைக்காத அமைதி சும்மா கிடைக்கிறது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது கஷ்டம், தெரியும். இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் பாடி, நடுவில் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள்.

டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய ஒரு கம்பிச்சுருள், காந்தத்துக்கு நடுவே அசைந்து மின்சாரம் உண்டாக்கும். மேடைக் கச்சேரிகளில் பாடகர்கள் கையில் பிடித்திருப்பது பெரும்பாலும் இதுதான். முரட்டுத்தனமாகக் கையாளலாம், தனியாக மின்சாரம் வேண்டாம். ஷூர் எஸ்எம்58 1966இல் வந்தது, இன்றும் விற்கிறது. கண்டென்சரில் சவ்வு அதைவிட லேசானது, பின்னால் மின்னேற்றம் பெற்ற ஒரு தகடு. சவ்வு லேசாக இருப்பதால் நுணுக்கமான அசைவுகளையும் பிடிக்கும், உச்ச ஒலிகள் தெளிவாக வரும். இதற்கு மின்சாரம் வேண்டும், வழக்கமாக 48 வோல்ட், அதை ஃபேண்டம் பவர் என்கிறார்கள்.

கண்டென்சர் ஒருகாலத்தில் பெரிய ஸ்டூடியோக்களின் சொத்து. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் எலக்ட்ரெட் என்ற முறையில் இயங்கும் படல மைக்கைக் கண்டுபிடித்தார்கள். மின்னேற்றத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்திலேயே நிரந்தரமாகத் தங்கவைக்கும் முறை அது. மைக் சின்னதாகவும் மலிவாகவும் ஆனது அங்கிருந்துதான். இன்று நாம் சில ஆயிரம் ரூபாய்க்கு உருப்படியான கண்டென்சர் வாங்க முடிவதில் அந்த இருவருக்கும் பங்கு உண்டு.

சரி, எதை வாங்குவது? இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களையவேண்டும். "டைனமிக் மைக் சுற்றுச் சத்தத்தை எடுக்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் எடுக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஒரே திசைப்பாங்கு (எந்தப் பக்கத்து ஒலியை எவ்வளவு எடுக்கும் என்பது) கொண்ட ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்சரையும் ஒரே தூரத்தில் வைத்து, இரண்டிலும் உங்கள் குரல் ஒரே அளவு கேட்கும்படி சரிசெய்தால், பின்னால் கேட்கும் தெருச் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கும். வித்தியாசம் வருவது நாம் அவற்றைப் பயன்படுத்தும் விதத்தால். டைனமிக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரைத் தள்ளி நிறுத்துகிறோம். தூரம் இரட்டிப்பானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு சாண் ஒரு முழம், ஆக ஒரு சாணில் இருந்த மைக்கை ஒரு முழத்துக்குத் தள்ளினாலே 6 டெசிபல் போய்விட்டது. குரல் குறைகிறது, அறையின் சத்தம் அப்படியே இருக்கிறது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பதிவுசெய்யப்போகும் ஒலிக்கு எவ்வளவு பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோக முடியும்? நீங்கள் பாடுபவர், தெருவோர வீடு, சத்தம் அதிகம் என்றால் நாலு விரற்கடை தூரத்தில் பாடலாம், டைனமிக் போதும், நன்றாகவும் இருக்கும். வீணை, வயலின், கிடார், புல்லாங்குழல் என்றால் கதை வேறு. வாத்தியத்தின் ஒலி ஒரு புள்ளியிலிருந்து வருவதில்லை, குடம், தண்டி, கம்பி எல்லாம் சேர்ந்து கொஞ்சம் தள்ளித்தான் முழு நாதமாகிறது. ஒட்டி வைத்தால் என் அத்தைக்குக் கேட்ட தகரம்தான் கேட்கும். தள்ளி வைக்கவேண்டும் என்றால் மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வேண்டும், அப்போது அறையும் நன்றாக இருந்தாகவேண்டும். மிருதங்கம், தவில், நாகஸ்வரம் போன்ற பலமான வாத்தியங்களுக்கு டைனமிக் தாராளமாகப் போதும்.

பாடவும் செய்வேன், வீணையும் வாசிப்பேன், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? அறையைச் சரிசெய்யத் தயாராக இருந்தால் கண்டென்சர். தயாராக இல்லை என்றால் டைனமிக்.

இரண்டு வகையிலும் 'கார்டியாய்ட்' என்று போட்டிருப்பதையே முதல் மைக்காக வாங்குங்கள். முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறையும், நேர் பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். சத்தம் வரும் ஜன்னலுக்கு மைக்கின் முதுகைக் காட்டுங்கள், அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

கம்பியும் இணைப்பும்

மைக் கணினிக்குள் போக இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று யூஎஸ்பி மைக், நேராகச் செருகிப் பதிவுசெய்யலாம். இன்னொன்று எக்ஸ்எல்ஆர் மைக், மூன்று முள் உள்ள தடித்த கம்பி, அது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகும். 48 வோல்ட்டைக் கொடுப்பதும் அந்தப் பெட்டிதான்.

தனியாகப் பாடுகிறவர், இன்னொரு மைக் எப்போதும் தேவைப்படாது என்றால் யூஎஸ்பி எளிது, செலவும் குறைவு. ஒரே நேரத்தில் பாட்டு ஒரு மைக்கிலும் மிருதங்கம் இன்னொரு மைக்கிலும் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே எக்ஸ்எல்ஆர் பக்கம் போங்கள். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் ஒத்துப்போகவைப்பது தலைவலி. இன்டர்ஃபேஸ் வாங்கிவிட்டால் நாளைக்கு மைக்கை மட்டும் மாற்றினால் போதும், பெட்டி பத்து வருடம் உழைக்கும்.

மூன்றாவது ஒரு வழியில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் விலையில் மைக், ஸ்டாண்ட், வலை, ஸ்பாஞ்ச் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாக விற்கும் பிஎம்-800 வகை. பார்க்க ஸ்டூடியோ மைக் மாதிரியே பெரிதாக இருக்கும். பலவற்றின் உள்ளே இருப்பது சின்ன எலக்ட்ரெட் வில்லைதான். கூடவே வரும் கம்பியின் ஒரு முனை 3.5 மில்லிமீட்டர் பின், அதை லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகச் சொல்கிறார்கள். லேப்டாப்பின் அந்த ஓட்டை கொடுப்பது சில வோல்ட் மட்டுமே, உள்ளே இருக்கும் ஒலிச் சுற்றும் மட்டமானது. ஒலி சன்னமாக வரும், ஏற்றினால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடவே ஏறும். ஏற்கெனவே அந்த மைக் கையில் இருக்கிறதென்றால் தூக்கிப்போட வேண்டாம், 48 வோல்ட் கொடுக்கும் இன்டர்ஃபேஸில் சரியான எக்ஸ்எல்ஆர் கம்பியோடு மாட்டிப் பாருங்கள், ஓரளவு முன்னேறும். புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள்.

அட்டையில் இருக்கும் எண்கள்

பெட்டியின் மேல் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், மலிவு மைக்கிலும் அதே எண்தான். இதை வைத்து ஏமாறவேண்டாம். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் வரை இறங்கினால் சுமார் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார ஷட்ஜம் 196. 50 ஹெர்ட்ஸில் தொடங்கும் எஸ்எம்58 மாதிரியான மைக்கில் இவர்கள் குரலில் எதுவும் விட்டுப்போகாது. இதிலிருந்து இன்னொரு லாபமும் உண்டு. பதிவு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் குரலுக்குச் சேதம் இல்லாமல் லாரி உறுமல், தரை அதிர்வு எல்லாம் போய்விடும்.

நான் உண்மையில் பார்ப்பது இரண்டு எண்கள். முதலாவது, கண்டென்சராக இருந்தால், மைக்கின் சொந்த இரைச்சல், டெசிபலில் போட்டிருப்பார்கள். ஆடியோ-டெக்னிகா ஏடி2020க்கு அது 20, ரோட் என்டி1-ஏக்கு 5. பலமாகப் பாடுபவருக்கு இந்த வித்தியாசம் கேட்காது. வீணையின் மெல்லிய இழைப்பு, தம்புரா, கிசுகிசுப்பாகப் பாடும் பாட்டு என்றால் கேட்கும். இரண்டாவது, எவ்வளவு பலமான ஒலியைத் தாங்கும் என்பது. ஏடி2020 144 டெசிபல் வரை தாங்கும், மிருதங்கத்துக்குக்கூடப் பயப்படவேண்டாம்.

டைனமிக் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. யூடியூபில் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் தெரியும் ஷூர் எஸ்எம்7பி மாதிரியான மைக்குகளின் வெளியீடு மிகவும் குறைவு, சுமார் 60 டெசிபல் ஏற்றினால்தான் சரியான அளவு வரும். மலிவு இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் பெட்டியின் இரைச்சலும் சேர்ந்து வரும். முதல் மைக்காக அது வேண்டாம், விலையும் நம் கணக்குக்குள் வராது.

பணத்தைப் பிரிக்கும் கணக்கு

மைக் விலையை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் அதில் போட்டுவிட்டு, ஸ்டாண்டுக்குக் காசில்லாமல் புத்தக அடுக்கின் மேல் மைக்கை வைத்துப் பதிவுசெய்பவர்கள் நிறைய. முதலில் ஸ்டாண்ட், கம்பி, பாப் ஃபில்டர் (வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), காதை முழுதாக மூடும் ஹெட்போன், இந்த நான்குக்கும் ஒதுக்குங்கள். மீதியில்தான் மைக்.

ஸ்டாண்டில் சிக்கனம் செய்யாதீர்கள். தரையில் நிற்கும், கை நீட்டும் வகை வாங்கினால் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுபவருக்கும் வயலினுக்கும் அதுவே போதும். மேஜையில் நிற்கும் குட்டி ஸ்டாண்டில் மேஜையின் ஒவ்வொரு தட்டலும் ஏறும். கம்பிக்கு, சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் தேவையான நீளத்துக்கு வாங்கலாம், மூன்று மீட்டர் போதுமானது. பாப் ஃபில்டர் வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. எம்பிராய்டரி போடும் மர வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை இரண்டு அடுக்காக இழுத்து மாட்டி, மைக்குக்கும் வாய்க்கும் நடுவே நிறுத்தினால் போதும், நான் இன்றுவரை அதைத்தான் வைத்திருக்கிறேன்.

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் கீழே உள்ளதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கையிருப்பு பத்தாயிரத்தை ஒட்டி இருந்தால், பாடுபவருக்கு பெரிங்கர் எக்ஸ்எம்8500 என்ற டைனமிக் மைக்கும் மலிவான ஒரு இன்டர்ஃபேஸும் போதும். இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும் இந்த மைக் குரலில் எஸ்எம்58க்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று ஒப்பிட்டுக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், நான் பரிந்துரைப்பதில் கொடுத்த காசுக்கு அதிகமாகத் திருப்பித் தருவது இதுதான். இன்டர்ஃபேஸே வேண்டாம் என்றால் சாம்சன் க்யூ2யூ பாருங்கள், அதுவும் டைனமிக்தான், ஒரே மைக்கில் யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இருக்கிறது, ஹெட்போனையும் அதிலேயே மாட்டலாம், பிற்பாடு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை அதில் செருகிக்கொள்ளலாம்.

இருபது, இருபத்தைந்தாயிரம் வரை போக முடியும், அறையும் ஓரளவு அமைதி, வாத்தியம் பதிவுசெய்யவேண்டும் என்றால் ஏடி2020 எக்ஸ்எல்ஆர் மைக்கும் பெரிங்கர் யூஎம்சி202எச்டி இன்டர்ஃபேஸும் நல்ல ஜோடி. அந்தப் பெட்டியில் இரண்டு மைக் மாட்டலாம், 24 பிட்டில் பதிவாகும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவும் நல்ல பெட்டிதான், ஆனால் அதில் ஒரு மைக்குக்கு மட்டுமே இடம். அதற்கும் மேல் பணம் இருந்தால் ரோட் என்டி1இன் ஐந்தாம் தலைமுறை, சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான், எக்ஸ்எல்ஆர், யூஎஸ்பி இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் அதை வாங்கும் முன் ஜமக்காளமும் மெத்தையும் போட்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்58 வாங்குவதாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள். அந்த அளவுக்கு அதிகமாக நகல் செய்யப்படும் மைக்குகள் குறைவு. எனக்கும் ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து பாதி விலையில் ஒன்று வந்தது, கையில் வாங்கியதுமே எடை குறைவாகத் தெரிந்தது, பாடினால் மூக்கடைத்த மாதிரி இருந்தது. பெயர் பெற்ற மைக் சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

வந்த அன்றே செய்யவேண்டியது

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். இன்டர்ஃபேஸில் ஒலியளவுத் திருகை முழுதாகக் குறைத்துவிட்டு மைக்கை மாட்டி, கண்டென்சராக இருந்தால் அப்புறம் 48 வோல்ட் பொத்தானை அழுத்துங்கள். பெரிய கண்டென்சர் மைக்குகளில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் பாடவேண்டியவை, நுனியில் அல்ல. பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். இது தெரியாமல் மைக்கின் உச்சியைப் பார்த்துப் பாடி, 'மைக் சரியில்லை' என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் கூடவே வரும், ரீப்பர் 60 நாள் சோதித்துப் பார்க்கக் கிடைக்கும். 24 பிட், சாம்பிள் ரேட் 48,000 என்று அமைத்துக்கொண்டு "ஸரிகமபதநிஸ" பாடுங்கள். இதைவிடச் சிறந்த மைக் சோதனை எனக்குத் தெரியவில்லை. 'ஸ' காதைக் குத்துகிறதா என்று பாருங்கள், குத்தினால் மைக்கைக் கொஞ்சம் சாய்த்து வைக்கவேண்டும். 'ப'வில் 'டப்' என்று காற்று மோதுகிறதா, மோதினால் வலையைச் சரிசெய்து மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாக நகர்த்தவேண்டும். தாரஸ்தாயியில் பலமாகப் பிடிக்கும்போது அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி திருகை வையுங்கள். சிவப்பைத் தொட்டால் ஒலி உடையும், உடைந்ததை ஒட்டவைக்க முடியாது. அளவு குறைந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

'ம்ம்ம்' என்று ஒரே சீரான ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரச் சத்தம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் மைக்கில் குறை இல்லை, சார்ஜரிலோ அந்த பிளக் பாயிண்டின் எர்த்திலோ சிக்கல் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுருதிப் பெட்டியை அறையில் சத்தமாக ஓடவிட்டுப் பாடாதீர்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் முதல் பதிவில் எல்லோரும் செய்கிறார்கள். மைக்கில் சுருதியும் சேர்ந்து ஏறினால், நடுவில் ஒரு சங்கதியை வெட்டி ஒட்ட முடியாது, வெட்டிய இடத்தில் சுருதி குதிக்கும். சுருதியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள், பிறகு தனியாகச் சேர்க்கலாம். ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு பாடுவது பழக்கம் என்றால், கழற்றிய பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் அதிலிருந்து சத்தம் கசியும். உங்கள் குரல் ஹெட்போனில் ஒரு கணம் தாமதித்துக் கேட்டால், இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' என்ற பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் கண்டென்சரைத் தூசியிலும் ஈரக்காற்றிலும் விடாதீர்கள், முக்கியமாகக் கடலோர ஊர்க்காரர்கள். மூடி இறுகும் டிபன் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

எந்த வாத்தியத்துக்கு எங்கே

குரலுக்கு டைனமிக் என்றால் நாலு விரற்கடை, கண்டென்சர் என்றால் ஒரு சாண். கார்டியாய்ட் மைக்கை மிக நெருங்கினால் அடிக்குரல் பெருக்கும், குரல் கனமாகக் கேட்கும், அது பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாட்டு முழுவதும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். தலையை ஆட்டி ஆட்டிப் பாடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது.

கிடாருக்கு மைக் ஓட்டையைப் பார்க்கக்கூடாது, குமுறும். பன்னிரண்டாவது கட்டுக்கு (ஃப்ரெட்) நேராக, ஒன்றரை சாண் தூரத்தில். புல்லாங்குழலுக்கு ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றுதான் வரும், சற்று மேலிருந்து, ஊதும் துளைக்கும் விரல்களுக்கும் நடுப்பகுதியைப் பார்க்கும்படி. வயலினை நம் முறைப்படி உட்கார்ந்து வாசிக்கும்போது நாதம் மேல்நோக்கி எழும், அதனால் ஸ்டாண்டின் கையை நீட்டி மேலிருந்து கீழே பார்க்கவிடுங்கள், ஒன்றரை முழம். மிருதங்கத்துக்கு ஒரே மைக் என்றால் வாசிப்பவருக்கு எதிரே நடுவில் ஒரு முழம் தள்ளி, வலந்தலை தூக்கலாகக் கேட்டால் தொப்பி பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். நான்கு விரல் நகர்த்தினாலே வேறு வாத்தியம் மாதிரிக் கேட்கும், அவ்வளவு வித்தியாசம் வரும்.

வீணைக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். குதிரைக்கு நேரே ஒரு சாணில் வைத்ததுதான் முதல் தவறு, அங்கே கம்பியும் நகமும் மட்டுமே பேசும். மைக்கை ஒரு முழத்துக்குமேல் தள்ளி, வாசிப்பவரின் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, குதிரைக்கும் கடைசி மெட்டுக்கும் நடுவில் உள்ள பலகையைப் பார்க்கும்படி திருப்பினேன். குடத்தின் நாதமும் இழைப்பும் அப்போதுதான் ஒன்றாக வந்தன. ஹாலை விட்டு அத்தையின் படுக்கையறைக்கு மாறியிருந்தோம், பீரோக் கதவு இரண்டும் திறந்திருந்தன, அவர் முதுகுக்குப் பின்னால் மெத்தை, ஃபேன் நிறுத்தியாகிவிட்டது, இரவு பதினொரு மணி. மைக் மட்டும் ஹாலில் வைத்த அதே ஏடி2020.

ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். கழற்றிவிட்டு, "அனுபல்லவில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்டா. இன்னொரு தடவ வாசிக்கிறேன், எடு" என்றார்.